சென்னை – பலாலி

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் பறப்பதை விடவும் குறைவு. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து பலாலியில் இறங்கித்தான் சென்னைக்கு வந்தது.

போர் அந்தப் பாதையை அடைத்துவிட்டது. 2016இல் அம்மம்மா போய்விட்டா என்று செய்தி வந்தபோது நான் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து இரவு பஸ் பிடித்தேன். வவுனியா தாண்டியதும் தூக்கம் வரவில்லை. மடியில் வைத்திருந்த பூமாலை விடிவதற்குள் கறுத்துப்போயிருந்தது. காடாத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆற்றாமை இன்றும் எனக்குள் இருக்கிறது.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. பிறகு கொரோனா. 2022 டிசம்பரில்தான் சென்னை விமானம் திரும்ப வந்தது. அடுத்த மாதமே ஏறினேன். ஏடிஆர் விமானம், என் ஜன்னலுக்கு நேரே விசிறி சுழன்றுகொண்டிருந்தது. கடல் முடிந்ததும் பனைகள், பிறகு வலிகாமத்துச் செம்மண். அந்த நிறத்தைக் கண்டதும் அழுதுவிட்டேன். பக்கத்து இருக்கை ஐயாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பறந்தது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டா இத்தனை வருடம் சுற்றினோம்!

பெரியம்மா அகப்பையோடு படலைக்கு ஓடிவந்தா. "இன்னும் கறி இறக்கேல்லை, அதுக்கிடையிலை வந்திட்டியே பிள்ளை!"