நீர்வர்ணமும் நினைவும்

அரசாங்கப் பணியிலிருந்து வயது காரணமாக விலகியோரைத் தமிழகத்தார் 'ஓய்வு பெற்றவர்' என்பர். ஈழத்துத் தமிழர் 'இளைப்பாறியவர்' என்பர். பொருள் ஒன்றே போலத் தோன்றினும் இரு சொற்களுக்கும் இடையே நுட்பமான வேறுபாடு உண்டு. ஓய்வு என்பது வேலை இல்லாத நிலை. இளைப்பாறுதலோ, நடந்து களைத்தவன் மரநிழலில் அமர்ந்து மூச்சைத் திரும்பப் பெறுதல். அவன் நடந்து வந்த வழி ஒன்று உண்டு என்பதும், அதனைத் திரும்பி நோக்க இப்பொழுது அவனுக்கு நேரம் வாய்த்திருக்கின்றது என்பதும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளன. அவ்வாறு திரும்பி நோக்கும் முயற்சி ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையிற் கூற விழைகின்றேன். இளமையில் நடந்த பயணங்களின் புகைப்படங்களை முன்வைத்து முதுமையில் நீர்வர்ண ஓவியம் தீட்டுதலே அது.

முதுமையில் தூரிகை பிடித்தோர் உலகிற் பலர். 1861-இற் பிறந்த இரவீந்திரநாத் தாகூர் அறுபது வயதைக் கடந்த பின்னரே ஓவியத்தில் முழுமனத்துடன் ஈடுபட்டார். அவரது ஓவியக் கண்காட்சி 1930-இற் பாரிசில் நடைபெற்றது. அமெரிக்காவில் 'மோசஸ் பாட்டி' எனப் பெயர் பெற்ற அன்னா மேரி மோசஸ், எழுபது வயதைக் கடந்து நெடுநாளான பின், தாம் வாழ்ந்த பண்ணை வாழ்க்கையை நினைவிலிருந்து தீட்டத் தொடங்கி, 1961-இல் நூற்றியொரு வயதில் மறையும்வரை புகழுடன் விளங்கினார். நான் கூறப்போகின்றவர் புகழ் பெற்றவர் அல்லர். அவர் தீட்டிய ஓவியம் எதுவும் எக்கண்காட்சியிலும் வைக்கப்பட்டதில்லை. அவர் என் அம்மப்பா. மாங்கேணியில் வாழும் இளைப்பாறிய ஆசிரியர்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோர வீதியில், காயான்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையில் உள்ளது மாங்கேணி. கிழக்கே கடல், வடக்கே சற்றுத் தொலைவிற் பனிச்சங்கேணிக் களப்பும் அதன் கண்டற் காடுகளும். கேணி என முடியும் இவ்வூர்ப் பெயர்கள் நீர்நிலையை அடையாளமாகக் கொண்டு எழுந்தவை. பனிச்சை மரத்தின் காய்ச் சாற்றில் மீன்பிடி வலைகளைத் தோய்த்துப் பதப்படுத்துவது முன்னாளில் வழக்கமாயிருந்தது. அச்சாறு வலைக்குத் தந்த கருங்கபிலத்தை வர்ணப்பெட்டியிற் கலந்து பெறுவதற்கு அம்மப்பா பல நாள் முயன்றார் என்பதை இங்கே குறிப்பிடலாம்.

அவரது இளமைப் பயணங்களுள் முதன்மையானது 1979 ஆடியிற் கதிர்காமத்துக்குச் சென்ற பாதயாத்திரை. உடன் கற்பித்த ஆசிரியர் மூவருடன் கரையோரமாகவே தெற்கு நோக்கி நடந்து, திருக்கோவில், பொத்துவில் கடந்து, உகந்தை முருகன் கோயிலிற் தங்கி, அங்கிருந்து குமுனைக் காட்டினுட் புகுந்து, கும்புக்கன் ஓயாவையும் யால வனத்தையும் தாண்டி மாணிக்க கங்கையை அடைந்தனர். நால்வருள் ஒருவரிடம் கமரா இருந்தது. 1977-இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தமையால் வர்ணப் படச்சுருள் கிடைப்பது ஓரளவு எளிதாயிருந்தது. முப்பத்தாறு படங்கள் கொண்ட சுருள் ஒன்றை அவர் வழியெங்கும் சிக்கனமாகப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டு நால்வரும் சிவனொளிபாதமலை ஏறியபோதும் அதே கமரா சென்றது.

எங்கள் கரையில் ஒரு புகைப்படம் நாற்பது ஆண்டு நிலைப்பது சிறிய செய்தி அன்று. 1978 நவம்பர் 23-ஆந் திகதிச் சூறாவளிக்கு முந்திய படம் எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. 1990-இல் மீண்டும் போர் மூண்டபோது மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினர். 2004 டிசம்பர் 26-இற் கடல் ஊருக்குள் வந்தது. 2006-இன் இறுதியிலும் 2007-இன் தொடக்கத்திலும் வாகரைப் பிரதேச மக்கள் மறுபடியும் இடம்பெயர்ந்தனர். இத்தனைக்கும் பின் அந்த இரு பயணங்களின் படங்களுட் பத்தொன்பது எஞ்சின. கடல்நீரில் நனைந்த படங்களின் மேற்பரப்பிலுள்ள செலற்றின் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் பிரித்தால் உருவமே உரிந்துவிடும். ஈரம் காயுமுன்னர் நன்னீரில் அலசி, கயிற்றில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு அவற்றைக் காப்பாற்றியவர் அம்மம்மா.

அம்மப்பா 2012-இல் இளைப்பாறினார். அவ்வாண்டே பாடசாலைப் பிள்ளைகள் பயன்படுத்தும் பன்னிரு வர்ணப் பெட்டி ஒன்றை வாங்கி, இப்படங்களைப் பார்த்து வரையத் தொடங்கினார்.

புகைப்படத்தைப் பார்த்து வரைவது கலையாகுமா, அது வெறும் நகலன்றோ என வினவுவோர் உளர். இவ்வினாவிற்கு ஓவிய வரலாற்றிலேயே விடை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலக்காட்சி ஓவியர் பலர் நேரிற் கண்ட இடத்திற் சிறு குறிப்போவியங்களை மட்டும் வரைந்துகொண்டு, வீடு திரும்பிய பின்னரே முழு ஓவியத்தைத் தீட்டினர். ஆங்கிலேய ஓவியர் ரேணர் இம்முறையிற் கைதேர்ந்தவர். 1846-இல் இலங்கைக்கு வந்து கொழும்பு அக்கடமியில் ஓவியம் கற்பித்த அயர்லாந்தினரான அன்ட்ரூ நிக்கல், 1848-இல் இத்தீவின் காடுகளினூடே பயணஞ் செய்து வரைந்தவர். அவர்களுக்குக் குறிப்பேடு செய்த உதவியையே பின்வந்தோருக்குக் கமரா செய்கின்றது. நம் நாட்டில் 1943-இல் உருவாகி நவீன ஓவியத்துக்கு வழிவகுத்த '43 குழு'வின் உந்துசக்தியாக விளங்கிய லயனல் வென்ற் ஒரு புகைப்படக் கலைஞர் என்பதும் மனங்கொளத்தக்கது. இரு கலைகளும் பகைவரல்ல.

மேலும், அம்மப்பாவிடம் உள்ள படங்களை நகலெடுக்கவும் இயலாது. அவை பொய் கூறத் தொடங்கிவிட்டன. வர்ணப் புகைப்படத்தின் நிறங்கள் யாவும் மஞ்சள், செங்கருநீலம், பசுநீலம் ஆகிய மூன்று சாயங்களின் கலப்பினால் ஆனவை. அக்காலத் தாள்கள் பலவற்றிற் பசுநீலச் சாயம் உறுதியற்றதாக இருந்தது. அல்பத்தின் இருளில் மூடி வைத்திருந்தாலும் அது மெல்ல அழிந்துவிடும். எஞ்சிய இரண்டும் சேர்ந்து படம் முழுவதையும் சிவப்பாக்கிவிடும். ஆதலினால் இன்று அப்படங்களில் உகந்தைக் கடல் செம்மண் நிலம் போலக் கிடக்கின்றது. குமுனையின் பாலையும் வீரையும் துருப்பிடித்து நிற்கின்றன. நிறத்தைத் தரவேண்டிய படம் நிறத்தை இழந்துவிட்டது. அதை எங்கிருந்து பெறுவது?

இவ்விடத்திலேதான் அம்மப்பாவின் முறை என்னைக் கவர்ந்தது. அவர் படத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குச் செல்வார். ஆடி மாதத்துப் படமாயின் ஆடியிலேயே செல்வார்; மாலைப் படமாயின் மாலையிலேயே செல்வார். உகந்தையும் மாங்கேணியும் ஒரே கீழைக் கரையின் இரு முனைகள். ஒரே ஞாயிறு ஒரே சாய்வில் ஒளி வீசும் இடங்கள். மணலில் அமர்ந்து, நீரின் நிறம் கரையருகே எப்படி, அலை உடையும் இடத்தில் எப்படி, தொடுவானில் எப்படி எனப் பழைய கொப்பி ஒன்றிற் சிறு சிறு கோடுகளாகத் தீட்டிக் குறித்துக்கொள்வார். பின்னர் வீட்டுக்கு வந்து ஓவியத்தைத் தொடங்குவார். கெட்டுப்போன படம் அவரை வீட்டினுள் இருத்தவில்லை. எழுபது வயதிலும் வெளியே நடக்கச் செய்தது.

நீர்வர்ணம் இரக்கமற்ற ஊடகம். அதில் வெள்ளை என்பது பூசப்படுவதன்று. கடதாசியின் வெண்மையே ஒளி. அலையின் நுரை எங்கே, வேட்டியின் மடிப்பு எங்கே என்பதை முதலிலேயே தீர்மானித்து, அவ்விடத்தைத் தொடாது விடவேண்டும். பின்னர் மனம் மாறினால் மீட்பது அரிது. எங்கள் கரையிற் காற்றும் ஓவியருக்குக் கட்டளையிடும். கச்சான் வீசும் மாதங்களிற் பூசிய நீர் பரவுமுன்னரே உலர்ந்து, விளிம்புகள் கடினமாகிவிடும்; வாடைக்கால ஈரத்தில் மணிக்கணக்காகியும் உலராது ஒரு நிறம் மற்றதனுட் கசியும். ஆதலின் அவர் வெயிலும் வெட்டவெளியும் உள்ள காட்சிகளைக் கச்சானிலும், பனி மூடிய மலைக் காட்சிகளை வாடையிலும் தீட்டுவார். சாதாரண வரைதாள் நீர் பட்டுச் சுருங்குவதாற் கனடாவிலுள்ள மாமா தடித்த பருத்திக் கடதாசி அனுப்பிவைக்கின்றார்.

புகைப்படம் தன் முன் நின்ற யாவற்றையும் ஒரே மதிப்புடன் பதிந்துகொள்ளும். ஓவியரோ தேர்ந்துகொள்ளவேண்டும். சிவனொளிபாதமலைப் படம் ஒன்றில் உள்ளவை படிக்கட்டுகளும் முன்னே ஏறுவோரின் முதுகுகளுமே. அம்மப்பாவின் நினைவிலுள்ளதோ விடியற்பொழுதில் மேற்கே பனியின் மீது முக்கோணமாக விழுந்த மலையின் நிழல். கமரா அதனை எடுக்கவில்லை, சுருள் முடிந்துவிட்டது. முதுகுகளைக் குறைத்து நிழலை வரைந்தார். "படத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா, அம்மப்பா?" எனக் கேட்டேன். "நான் படத்தைப் பார்க்கப் போகல்ல மகன், மலையைப் பார்க்கத்தான் போனனான்" என்றார்.

ஆனால் ஒரு படத்தில் அவர் எதனையும் சேர்க்கவுமில்லை, நீக்கவுமில்லை. உகந்தைக் கரையில் மாலை வேளையில் மூவர் கடலைப் பின்னே வைத்து நிற்கின்றனர். படமெடுத்தவருக்குப் பின்னே ஞாயிறு சாய்ந்திருந்தமையால் அவரது நிழல் நீண்டு மணலில் விழுந்து மூவரின் காலடியைத் தொடுகின்றது. படம்பிடிக்கும் கலையில் இது தவறு எனக் கற்பிப்பர். கமரா எப்பொழுதும் அவர் கையிலேயே இருந்தமையால் எஞ்சிய பத்தொன்பது படங்கள் ஒன்றிலும் அவரது முகம் இல்லை. 1990-இல் இடம்பெயர்ந்த பின் அவரைப் பற்றிய செய்தி எதுவும் எவருக்கும் கிடைக்கவில்லை.

இவ்வோவியத்தைத் தமக்கு அனுப்புமாறு கேட்ட மாமா, முன்னால் விழும் அந்நிழல் அழகைக் கெடுக்கின்றது, அதனை விட்டுவிட்டு இன்னொன்று வரைந்து தாருங்கள் எனத் தொலைபேசியிற் கூறினார். அம்மப்பா சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "அவரையா மகன் அழிக்கச் சொல்றாய்?" என்று மட்டும் கேட்டார்.

முகத்தை நினைவிலிருந்து வரையலாமே, மூவருடன் நாலாமவராக அவரை நிறுத்தலாமே என நான் எண்ணியதுண்டு. மலையின் நிழலைச் சேர்த்தவருக்கு அது அரிதன்று. எனினும் அவர் அவ்வாறு செய்யாமைக்கு நியாயம் உண்டு என இப்பொழுது கருதுகின்றேன். மலை இன்னும் அங்கேயே நிற்கின்றது. ஐயமுடையோர் ஏறிப் பார்த்து ஒப்பிடலாம். மனிதரின் முகத்தை ஒப்பிட எவரும் இல்லாதபோது தூரிகை தவறாக ஒரு கோடு இழுத்தாலும் நாளடைவில் அதுவே அவராகிவிடும். நிழலோ ஐயத்துக்கிடமின்றி அவருடையது. ஆதலின் அதனை மிகுந்த கவனத்துடன், மணலின் மேடுபள்ளங்களில் அது வளைந்து செல்லும் இடங்கள் உட்பட, காவி மண்ணும் ஆழ்நீலமும் கலந்து தீட்டியுள்ளார். மண்ணிலிருந்து பெறும் நிறங்கள் ஒளியில் எளிதில் மங்குவதில்லை என்பதனால் அவற்றைத் தேர்ந்துகொண்டதாகக் கூறினார். மாமாவுக்கு அவ்வோவியமே அனுப்பப்பட்டது.

ஒரு நாளில் நூறு படம் எடுக்கும் கைப்பேசித் தலைமுறையினர் நாம். நம் படங்கள் சிவப்பாக மாறா, கடல்நீரில் ஒட்டிக்கொள்ளா. ஆயினும் அவற்றுள் ஒன்றையேனும் ஒரு மணி நேரம் நிலைத்துப் பார்த்தவர் நம்முட் சிலரே. நீர்வர்ணம் தீட்டுவோன் அவ்வாறு பார்க்கும் கட்டாயத்துக்கு உள்ளாகின்றான். எதனை வைப்பது, எதனை விடுவது, எந்நிறம் மெய், எந்நிறம் காலத்தின் பொய் என ஒவ்வோர் அங்குலத்திலும் அவன் தீர்ப்பளிக்கவேண்டும். படத்தில் இருப்போர் யாவர் எனப் பார்ப்போர் எல்லோரும் கேட்பர். எடுத்தவர் யார் எனக் கேட்பவர் வரைபவர் ஒருவரே.