நாரிலே ஒரு சித்திரம்

ஹுன்னஸ்கிரிய மலைக்குளிரை விட்டு, தெல்தெனிய, திகன வழியாகக் கண்டிக்கு பஸ்ஸில் இறங்கினேன். குண்டசாலைப் பக்கம் ஹேனவல கிராமம். தும்பறைப் பாய்க்குப் பேர்போன இடம்.

கற்றாழை போன்ற ஹண இலையைச் சுரண்டி நாரெடுக்கிறார்கள். பதங்கிக் கட்டையால் சிவப்பும், மரமஞ்சளால் மஞ்சளும் ஏற்றுகிறார்கள். பின் தறியில் யானை, மான், பறவை என உருவங்கள் விழுகின்றன. 2021இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுல மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பெரிய சுவர்த்தொங்கல் நமது கைக்கு எட்டாது. சின்ன விரிப்பு எட்டும். நெய்தவரிடமே வாங்கினேன். காசு முழுதும் அவர் கைக்கே போனது.

சகோதரிகளே, எங்கள் பனையோலைப் பெட்டியிலும் சித்திரம் உண்டு. தரகர் சொல்லும் விலைக்கு அதை விடலாமா? ஓலைக்கும் உழைப்புக்கும் மட்டுமல்ல, அந்தச் சித்திரத்துக்கும் சேர்த்தே விலை சொல்வோம்.