விலையில்லாதது நம்மிடம் கேட்பது

ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து படம் வரையும் ரே ட்ரேசிங்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் பழக விரும்பும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "இலவசமாகக் கிடைப்பதில் எது நல்லது?" என்று கேட்கிறார்கள். எது என்ன தரும் என்று பட்டியலும் போட்டு வைத்திருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எது உங்களிடம் என்ன கேட்கும் என்று முதலில் பாருங்கள். பணம் கேட்காத பொருளும் வேறொன்றைக் கேட்கத்தான் செய்யும்.

இந்த வேலையே உழைப்பு மிகுந்தது. கற்பனைக் கேமரா ஒன்றிலிருந்து படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்பி, அது எதில் பட்டுத் தெறித்து எந்த விளக்கைச் சேர்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. 1920க்கு 1080 அளவுள்ள படத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. 1980இல் கணினி வரைகலை ஆய்வாளர் டர்னர் விட்டெட் இம்முறையில் வரைந்து காட்டிய கோளங்களின் படம் ஒன்றுக்கு 74 நிமிடம் பிடித்தது.

ஒப்பிட வேண்டுமானால் ஒரே பொருளை போவ்-ரே, பிளெண்டர், லக்ஸ்கோர்ரெண்டர் என்ற மூன்று இலவச மென்பொருள்களிலும் செய்து பாருங்கள். பால் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று போதும்.

போவ்-ரேயில் மவுஸால் இழுத்து வரைவது கிடையாது, எல்லாமே எழுத்துதான். அடி குறுகி வாய் அகன்ற ஒரு கூம்பை எண்களால் எழுதி, அதிலிருந்து சற்றே சிறிய கூம்பைக் கழித்தால் டம்ளர் வந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், பழைய கம்ப்யூட்டரே போதும். அது கேட்பது கணக்கு. எந்தப் பொருள் எங்கே நிற்கிறது என்பதை எழுதும்போதே மனக்கண்ணில் பார்க்கத் தெரிய வேண்டும்.

பிளெண்டரில் டம்ளரைக் கண்ணால் பார்த்தபடியே இழுத்து, குறுக்கி வடிக்கலாம். அதற்குள் 2011 முதல் இருக்கும் சைக்கிள்ஸ் என்ற பகுதி படத்தைக் கணக்கிட்டு வரைந்து தரும். முதலில் படம் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கையான சாம்பிள் கூடக் கூடத் தெளியும். ஆனால் அந்தச் சொரசொரப்பு பாதியாகக் குறைய நான்கு மடங்கு சாம்பிள் வேண்டும். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வேகம் வரும். இது கேட்பது கைப்பழக்கம். பட்டன்களும் குறுக்குவிசைகளும் மனதில் பதியும்வரை தினமும் உட்கார வேண்டும்.

அந்த டம்ளரை வெயிலில் வைத்தால், உள்வளைவில் தெறித்த ஒளி பாலின்மேல் கூர்முனையோடு வளைந்த கோடாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிள்ஸ் இதை எளிதில் பிடிக்காது. போவ்-ரேயில், விளக்கிலிருந்து ஒளியைப் பின்தொடரும் ஃபோட்டான் முறையைத் தனியாக அமைக்க வேண்டும். லக்ஸ்கோர்ரெண்டர் இத்தகைய ஒளிக்கென்றே தனி வழிகள் வைத்திருக்கிறது. பிளெண்டரோடு இணைத்தும் பயன்படுத்தலாம். அது கேட்பது நேரம். படம் தெளியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

விலை இல்லை என்பதால் எதையும் அலட்சியமாகத் தொடாதீர்கள். பிளெண்டரை உருவாக்கிய டன் ரோசன்டால், 2002இல் முதலீட்டாளர்கள் கையிலிருந்த அதன் நிரலை மீட்க 1 லட்சம் யூரோ திரட்ட வேண்டியிருந்தது. ஏழே வாரத்தில் ஊர் பேர் தெரியாதவர்கள் சேர்ந்து கொடுத்தார்கள். நமக்கு இலவசமாக வருவதற்கு யாரோ முன்பே விலை கொடுத்திருக்கிறார்கள்.

கணக்குப் பிடித்தவர் போவ்-ரேயைத் தொடங்கட்டும். கைவேலையில் ஆர்வமுள்ளவர் பிளெண்டரை எடுக்கட்டும். ஒளியின் நுட்பத்தில் மனம் தோய்ந்து, காத்திருக்கவும் தெரிந்தவருக்கு லக்ஸ்கோர்ரெண்டர். எடுத்ததில் ஓராண்டாவது நிலைத்திருங்கள். மாதம் ஒன்றாக மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் கைக்கு வராது.

படிப்பிலும் வேலையிலும் இதே கேள்விதான் என்னை வழிநடத்தியது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அது தரப்போகும் பெயரையும் பணத்தையும் எல்லோரும் எண்ணுகிறோம். அது தினந்தோறும் கேட்கப்போவதை மனமுவந்து கொடுக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். முடியும் என்று மனம் சொன்னால், அதுவே உங்களுக்கு உரிய வழி.