அரை வோல்ட்டு உரைத்த உண்மை

சென்ற ஆண்டு ஆடித் திங்களில், தென்காசியினின்றும் குற்றாலம் செல்லுங்கால், எமது டீசல் கார் சாரலிடையே திடீரென நின்றுவிட்டது. பழுதுபார்ப்போர், "பம்பு கெட்டது, கலப்பட டீசலே காரணம்" என்றனர். யானும் ஆராயாது டிரைவரைக் கடிந்தேன். பம்பின் விலையில் ஒரு பங்கை அவர் சம்பளத்திற் பிடிக்கவும் எண்ணினேன். அவர் மறுமொழி கூறிற்றிலர்.

நிற்க. 1997-இல் பயணிகள் கார்களிற் புகுந்த காமன் ரெயில் முறையில், குழாயிலுள்ள எரிபொருளின் அழுத்தத்தை ஒரு சென்சார் வோல்ட்டளவாகக் கணிப்பொறிக்கு அறிவிக்கும். அதற்கேற்ப அது வால்வை இயக்கும். மறுநாள் முதிய எலக்ட்ரீசியன் ஒருவர் மீட்டருடன் வந்தார். எஞ்சின் நின்று அழுத்தம் முற்றுந் தணிந்தபின் அரை வோல்ட்டே காட்டவேண்டிய சென்சார், ஏறக்குறைய ஒன்றரை வோல்ட்டு காட்டிற்று. ஊட்டும் 5 வோல்ட்டில் குறைவில்லை. சென்சாரின் எர்த்துக் கம்பிக்கும் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையிலோ 1 வோல்ட்டு! ஈரம் புகுந்த இணைப்பிற் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. அதனால் இல்லாத அழுத்தத்தை உண்டெனக் கருதிய கணிப்பொறி, உள்ள அழுத்தத்தையுந் தணித்து எஞ்சினை அடக்கிவிட்டது.

இணைப்பைப் புதுப்பித்ததும் கார் ஓடிற்று. டிரைவரிடம் பிழை பொறுக்க வேண்டினேன். "இருக்கட்டும், ஐயா" என்று மட்டும் கூறி வண்டியை எடுத்தார்.

மாணவ நண்பர்காள்! அளக்குமுன் பம்பையும், வினவுமுன் மனிதரையும் பழியாதிருப்போமாக.