சேத்துப்பட்டுத் தறியும் ஸுஜாதாவின் யந்திரமும்

போளூரிலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில் சேத்துப்பட்டின் வரவை முன்கூட்டி அறிவிப்பது லூர்து மாதா கோவிலின் கோபுரந்தான். ஆனால் நான் அவ்வூரில் இறங்கியது கோபுரத்துக்காக அல்ல. ஆரணிப் பட்டு நெய்யும் சீமை இது. தறி ஓடுவதை அருகிலிருந்து காணவேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை.

ஓட்டு வீடு ஒன்றின் கூடத்தில் குழித்தறி. பெரியவர் ஒருவர் குழிக்குள் கால்விட்டு மிதித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் மாலைபோல் தொங்கின. துளை உள்ள இடத்தில் பாவு நூல் எழும்பும். இல்லாத இடத்தில் அடங்கிக் கிடக்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களால் கரையில் மயில் பிறந்துகொண்டிருந்தது!

1804-ஆம் ஆண்டளவில் ஜக்கார்டு என்ற பிரெஞ்சு நெசவாளி மகன் அமைத்த யுக்தி இது. பின்னர் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு யந்திரத்துக்கு இதே அட்டைகளைப் பயன்படுத்த எண்ணினார். கம்ப்யூட்டரின் வம்சாவளியைத் தேடிப் போனால் பட்டுத் தறியின் வாசலில் போய் நிற்போம்.

அக்கணமே எனக்கு ஸுஜாதாவின் ஞாபகம் வந்தது. 1935 மே 3-ல் சென்னையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்த ரங்கராஜன், மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டவர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு யந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டார். விஞ்ஞானக் கதையைத் தமிழர் வீட்டுக் கூடத்துக்கு அழைத்துவந்தவரும் அவரே. 'என் இனிய இயந்திரா'வில் மனிதரின் பெயருக்கும் ஆயுளுக்கும் அரசாங்கமே அளவு வகுக்கிறது. அதில் அகப்பட்ட நிலா என்னும் பெண்ணுக்குத் துணை நிற்பது ஜீனோ என்ற யந்திர நாய். மனிதர் கட்டளைக்கு அடங்கி யந்திரம்போல் ஆக, யந்திரமோ சிந்திக்கத் தொடங்குகிறது!

"எல்லாம் அட்டையே செய்கிறதே, தங்களுக்கு என்ன வேலை?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"அட்டை சொல்லும், நூல் கேட்கும், ஐயா. நூல் அறுந்தால் அட்டைக்குத் தெரியாது. என் விரலுக்குத்தான் தெரியும்" என்றார்.

அவருக்குப் பின் அத்தறியில் உட்கார வீட்டில் ஒருவருமில்லை. பிள்ளைகள் வேறு பிழைப்புத் தேடிப் பட்டணம் போய்விட்டார்கள். குறை அட்டையில் இல்லை. விரலுக்குக் கிடைக்கும் கூலியில்தான் இருக்கிறது.

ஸுஜாதா 2008 பிப்ரவரி 27-ல் மறைந்தார். யந்திரத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அதனிடம் அறிவை அடகு வைக்கவும் வேண்டாம் என்பதே அவர் கதைகளிலிருந்து நான் கற்ற பாடம். அடுத்த கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கும் நேயர்கள், கரையிலுள்ள மயிலைச் சற்று உற்றுப் பார்க்கட்டும். அதற்கு வழி சொன்னது அட்டை. உயிர் கொடுத்தது ஒரு விரல்.