பாடி கட்டியவர் பெயர்

பெங்களூருவில் ஓடுகிற பழைய சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் இரண்டு பேர். என்ஜினும் சேசிஸும் கம்பெனி செய்தது. அதன்மேல் பாடி கட்டியது ஏதோ ஒரு பட்டறை. கம்பெனியின் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். இத்தனை காலமும் சுமையைத் தாங்கியது பட்டறைக்காரர் கட்டிய பாடிதான். அவர் பெயரைத் தேடினால்தான் எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து ரோஜாச் செடி ஏற்றிவரும் நண்பர் ஒருவரிடம் பழைய மெட்டடோர் ஒன்று இருக்கிறது. முதலில் அது மூடிய வேன். யாரோ பின்பாதியை அறுத்து, திறந்த தொட்டி கட்டி, பிக்கப் ஆக்கியிருக்கிறார்கள். தொட்டியின் அடித்தகடு இற்றுப்போக, கட்டியவரிடமே கொடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்று நண்பருக்கு ஆசை. கட்டியவர் யார் என்று அறிய அவரோடு நானும் ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் எல்லாம் சுற்றினேன்.

வண்டியின் கம்பெனியைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. சேசிஸ் சட்டத்தில் எண் குத்தியிருக்கிறது. ஆர்.டி.ஓ. வேலைக்குச் செய்வதுபோல மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அப்படியே எழும்பி வருகிறது. பிற்கால வண்டி என்றால் 17 எழுத்து எண்ணின் முதல் மூன்றே போதும்: MAT என்றால் டாடா, MA1 என்றால் மஹிந்திரா. மெட்டடோரைச் செய்த பஜாஜ் டெம்போ 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய கதை வரை எல்லாம் பதிவில் உண்டு.

தொட்டிக்கு அப்படி எண் எதுவும் கிடையாது. எங்களுக்கு வழிகாட்டியவர் லால்பாக் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரி. வண்டியைச் சுற்றிவந்தவர் பெயர்த் தகட்டைத் தேடவில்லை. பின்கதவைத் திறந்து கீலைத் தடவிப் பார்த்தார். பக்கத் தகட்டின் மடிப்புகளுக்கு இடையே விரலால் சாண் போட்டார். பிறகு சாக்கை விரித்துப் படுத்து, அடியில் குறுக்குச் சட்டங்களை டார்ச் அடித்துப் பார்த்தார். "சைடு ஒருத்தரு கட்டினது சார். டோரு வேற எடத்துல போட்டது. சைடுல ரிவெட்டு, டோருல வெல்டிங்கு, பாருங்க" என்றார்.

பின்கதவின் உள்மூலையை உப்புத்தாளால் தேய்த்தார். மேலே நீலம், அடியில் பச்சை, அதற்கும் அடியில் ரெட் ஆக்சைடு. பக்கத் தகட்டைத் தேய்த்தபோது நீலத்துக்கும் பச்சைக்கும் கீழே மஞ்சளும் வந்தது. கதவு பிற்பாடு மாட்டியது என்பதற்கு அதுவே சாட்சி. குறுக்குச் சட்டத்தின் முனையில் இருந்த கொக்கியை அவர் வெகுநேரம் பார்த்தார். கம்பியைக் காய்ச்சி, முனையைத் தட்டையாக்கி, இடப்பக்கம் வளைத்திருந்தார்கள். அப்படி வளைக்கிற ஒரு பட்டறையில்தான் தான் சிறுவயதில் எடுபிடியாக இருந்ததாகச் சொல்லி, அதன் பெயரையும் சொன்னார். மைசூர் ரோட்டில் இருந்த அந்தப் பட்டறையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. பின்கதவைச் செய்தவர் யார் என்பது அவருக்கும் பிடிபடவில்லை.

இந்தத் தொழில் ஒன்றும் சின்னது அல்ல. லாரி பாடிக்கு நாமக்கல், பஸ் பாடிக்குக் கரூர், போர்வெல் ரிக்குக்குத் திருச்செங்கோடு என்று ஊர்களே இதனால் பேர் வாங்கின. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் கெங்கேரியிலும் ஹாசனிலும் தன் பணிமனைகளிலேயே பஸ்ஸுக்குப் பாடி கட்டியிருக்கிறது. அமெரிக்காவிலும் தொடக்கத்தில் இதே நிலைதான். 1925இல் ஃபோர்டு கம்பெனி தன் டி மாடல் காரைத் தொட்டியோடு சேர்த்தே விற்க ஆரம்பிக்கும் வரை, வாங்கியவர்களே உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்துத் தொட்டி கட்டிக்கொண்டார்கள். நம் ஊரில் 2005இல் டாடா ஏஸ் வந்த பிறகு, கம்பெனித் தொட்டியோடு வரும் சின்ன வண்டிகள் தெருவெல்லாம் நிறைந்தன. பிக்கப்புக்குத் தொட்டி கட்டும் பட்டறைகளுக்கு வேலை குறைந்தது.

சட்டம் பட்டறைக்காரரை அறவே மறந்துவிடவும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 22A என்ற படிவத்தின் இரண்டாம் பகுதி, பாடி கட்டியவர் கையெழுத்திட்டுத் தரவேண்டிய சான்று. ஆனால் அது ஆர்.டி.ஓ. ஃபைலோடு நின்றுவிடுகிறது, வண்டியோடு வருவதில்லை. வண்டியைக் கழித்துக் கட்டும்போது சேசிஸ் எண் உள்ள துண்டை மட்டும் வெட்டி ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2021இல் வந்த விதி. தொட்டி நேரே பழைய இரும்போடு போய்விடும்.

ஒரு லாரியின் பின்னால் போய்ப் பாருங்கள். சாமி பெயர், பிள்ளைகள் பெயர், முதலாளி பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் இருக்கும். கட்டியவர் பெயர், இருந்தால், ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். அடுத்த பெயிண்ட் அடிக்கும்போது அதுவும் மறைந்துவிடும். பத்து டன் சுமையைப் பல வருடம் தாங்குகிற ஒன்றைச் செய்தவருக்கு இது நியாயம் இல்லை.

உங்களிடம் பழைய வண்டி இருந்தால், பெயிண்ட் சுரண்டுவதற்கு முன் தகட்டையும் கீலையும் கொக்கியையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பட்டறைப் பெயர் தெரிந்தால் ஆர்.சி. நகலின் பின்பக்கம் எழுதி வையுங்கள். பாடி கட்டுகிறவர்களே, உங்கள் பெயரையும் வருடத்தையும் பெயிண்டில் எழுதாதீர்கள். குறுக்குச் சட்டத்தில் பஞ்ச் வைத்துக் குத்துங்கள்.