அம்மன் அனுப்பவில்லை!

எங்கள் வீட்டில் வழிவழியாக ஒரு கதை உண்டு. தோவாளைப் பக்கத்துச் சிற்றூரில் ஏரும் எருதுமாக வாழ்ந்த எம் முன்னோர் வடசேரிக்குக் குடிவந்தது ஏன்? அம்மன் கனவில் தோன்றினாளாம். "இவ்வூர் ஆகாது, அகன்று போ" என்றாளாம்! கண்டவர் இல்லை, கேட்டவர் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் அவளுக்குப் பொங்கலும் படையலும் தவறியதே இல்லை.

சென்ற மாதம் அரங்கில் கிடந்த மரப்பெட்டியைத் துப்புரவு செய்கையில் ஓர் அட்டை அகப்பட்டது. பழுப்பேறிய அட்டை, மூலையில் சங்கு முத்திரை. திருவிதாங்கூர் அரசு தனக்கெனத் தனி அஞ்சல் நடத்திய நாளின் எச்சம். 1951-இல் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. மன்னர் ஆட்சி போயிற்று. 'அஞ்சல்' என்ற சொல் மட்டும் தமிழகமெங்கும் வாழ்கிறது!

உச்சியில் பிள்ளையார் சுழி. அதனருகே நாள்: கொல்லம் 1100, மாசி. 825-ஐக் கூட்டினேன், 1925. புள்ளி வைக்காத மெய்யெழுத்து. ரகரமா, துணைக்காலா என்று தெரியாத கோடுகள். படித்து முடிக்க இரண்டு மாலைப்பொழுதாயிற்று.

எழுதியவர் என் பூட்டனாரின் உடன்பிறந்தாள் மகன். பெற்றவர் என் பூட்டியின் தமையன். செய்தி நான்கே வரி: காரணவரின் அடியந்திரம் நிறைவேறிற்று, வீடும் வயலும் முறைப்படி நம் பொறுப்பில் வந்துவிட்டன, தங்கள் சகோதரியையும் பிள்ளைகளையும் இம்மாதமே வந்து அழைத்துச் செல்ல வேண்டியது, நங்குடமை நெல்லைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அம்மன் எங்கே, தோழர்களே? அவள் அனுப்பவில்லை, முறை அனுப்பிற்று!

நாஞ்சில் நாட்டு வேளாளரிடை அந்நாள் நிலவியது மருமக்கள்வழி. (சாதிப் பெயரை எழுத நேர்ந்தது, கதை அப்படி!) பாடுபட்டவனின் சொத்து அவன் மகனுக்கு அன்று, உடன்பிறந்தாள் மகனுக்கு. கட்டிய மனைவிக்கு? கணவன் கண்மூடினால் நங்குடமை எனும் பிழைப்புப் பங்கு. தாய்வழி என்றதும் பெண்ணுக்கு ஏற்றம் என்று எண்ணிவிடாதீர். பெண்வழியே சொத்து ஓடிற்று; பெண் கையில் தங்கவில்லை. சாவி காரணவர் இடுப்பில்! தேரூர்க் கவிமணி இக்கொடுமையை ஒரு மனைவியின் வாயாலேயே 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடிச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மக்களுக்கு உரிமை தந்தது. ஓராண்டு! ஒரே ஓராண்டு முன்பு, ஐந்து வயதுப் பாலகனான என் பாட்டனாரின் கைபிடித்து அவள் அந்த வீட்டின் படியிறங்கிவிட்டாள்.

துரத்தப்பட்டோம் என்று சொல்ல நாணி, அம்மனைத் துணைக்கு அழைத்திருப்பர் போலும். அவர்களை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது: அட்டையில் அவள் பெயர் இல்லை. 'தங்கள் சகோதரி', அவ்வளவே. வீட்டில் எவரைக் கேட்டும் தெரியவில்லை. அம்மனின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது!

ஆவணியில் என் தங்கைக்குத் திருமணம். அதற்குள் அவளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட அப்பா ஏற்பாடு செய்திருந்தார். "நகை போடுகிறோமே! இதுதானே முறை?" என்றார். பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு முழங்கிற்று. 1989-இல் கலைஞர் ஆட்சியில் அது தமிழகச் சட்டமாயிற்று. 2005-இல் இந்தியாவின் சட்டமாயிற்று. எங்கள் வீட்டில் மட்டும் அச்சட்டம், திண்ணையைத் தாண்டாமல் வெளியே காத்துக் கிடக்கிறது!

அட்டையை அப்பாவின் முன் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். 'முறைப்படி' என்ற சொல்லருகே விரல் நின்றது. நெடுநேரம் பேச்சில்லை.

மறுநாள் பத்திர எழுத்தர் வந்தார். "இன்று வேண்டாம், பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று அவரை அனுப்பிவிட்டார் அப்பா.

கதவோரம் நின்ற தங்கை கேட்டாள்: "பிறகு என்றால் எப்போது, அப்பா?"